குறி தப்பிய குண்டுக்கும் முகவரி உண்டு: குற்றக்கதை, திரைக்கதை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் குற்றக்கதையும் திரைக்கதையும் இணையத் தொடரும் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் கதைகளில் குறி தப்பிய குண்டு ஒன்று எப்போதும் தயாராக இருக்கிறது. நாயகனுக்குக் கோபம் வர வேண்டிய நேரம் வந்ததும் சந்தைச் சண்டையிலிருந்து அது கிளம்புகிறது. நாலு தெரு தாண்டிப் போய், மொட்டை மாடியில் துணி காயப்போடும் அக்காவின் நெற்றியில் பாய்கிறது. யார் சுட்டார், எந்தத் துப்பாக்கி, குழல் எந்தப் பக்கம் பார்த்தது, நடுவிலிருந்த சுவர்கள் என்ன ஆயின என்று எவரும் கேட்பதில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் ‘விதி’ என்று ஒரு வசனம் சொல்வார். அடுத்த காட்சி வந்துவிடும்.

தடய அறிவியல் ஆய்வகம், அவசர அறுவை அரங்கு, ஆயுதக் கிடங்கு, படப்பிடிப்பில் டம்மி ஆயுதங்களைக் கையாளும் வேலை என வெவ்வேறு மூலைகளிலிருந்து இந்த விஷயத்தோடு புழங்குகிறவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. அப்படியெல்லாம் நடக்காது என்று சொல்ல வரவில்லை. நடக்கும், நீங்கள் எழுதுவதைவிட விசித்திரமாகவே நடக்கும். ஆனால் ஆளில்லாமல் நடக்காது. தப்பிய ஒவ்வொரு குண்டுக்கும் பின்னால் ஒரு கை இருக்கிறது, ஒரு கோணம் இருக்கிறது, இருந்திருக்க வேண்டிய ஒரு தடுப்பு இல்லாமல் போயிருக்கிறது. இந்த மூன்றையும் எழுதினால் சாவு கனக்கும். எழுதாமல் விட்டால், அது எழுத்தாளரின் வசதிக்காக வந்த சாவு என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிந்துவிடும்.

கோணத்திலிருந்து தொடங்குவோம். சமதரையில் நின்று கையை நீட்டிச் சுடுபவரின் குழல்முனை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். குழலை விட்டு வெளியே வந்த கணமே குண்டு விழத் தொடங்கிவிடுகிறது. எவ்வளவு வேகமாகப் போனாலும் சரி, ஒன்றரை மீட்டர் விழ அரை விநாடிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகும். 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிக் குண்டின் தொடக்க வேகம் விநாடிக்குச் சுமார் 360 மீட்டர். ஆக, கிடைமட்டமாகச் சுட்டால் 200 மீட்டருக்குள் அது மண்ணைத் தொட்டுவிடும். விநாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் போகும் 5.56 மில்லிமீட்டர் ரைபிள் குண்டும் 400 மீட்டர் வாக்கில் தரைக்கு வந்துவிடும். நாலு தெரு தாண்டி ஒரு மாடிக்குப் போக வேண்டுமானால் ஒன்று குழல் மேல்நோக்கி இருந்திருக்க வேண்டும், அல்லது சுட்டவர் மேடான இடத்தில் நின்றிருக்க வேண்டும்.

குழல் ஏன் மேலே போனது என்பதுதான் உங்கள் காட்சி. ஓடிக்கொண்டே சுட்டாரா? துப்பாக்கியைப் பிடுங்க இன்னொருவர் கையைத் தட்டிவிட்டாரா? அடிபட்டுப் பின்னால் சாயும்போது விரல் விசையிலேயே இருந்துவிட்டதா? தொடர்ச்சியாகச் சுடும்போது பின்னுதைப்பில் குழல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். முதல் குண்டு நெஞ்சுக்குப் போனால் நான்காவது தலைக்கு மேலே போகும். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள ரைபிளின் முனை 17 மில்லிமீட்டர் உயர்ந்தால் அது ஒரு டிகிரி. அந்த ஒரு டிகிரியில் ரைபிள் குண்டு ஒரு கிலோமீட்டரை எட்டிவிடும். ஒரு விரல் பருமன் அளவுக்குக் கை தளர்ந்தது என்று எழுதிப் பாருங்கள், விதி என்ற சொல் தேவைப்படாது.

தூரத்தைப் பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. கைத்துப்பாக்கிக்கு 50 மீட்டர், ரைபிளுக்கு 400 மீட்டர் என்று எங்கேயோ படித்துவிட்டு, அதற்கு அப்பால் குண்டு காற்றில் கரைந்துவிடுவதைப் போல எழுதுகிறீர்கள். அது குறிபார்த்து அடிக்கக்கூடிய தூரம். குண்டு போய் விழக்கூடிய தூரம் வேறு. விளையாட்டுத் துப்பாக்கி மாதிரி எல்லோரும் நினைக்கும் .22 அங்குல ரகக் குண்டு ஒன்றரை கிலோமீட்டர் போகும். 9 மில்லிமீட்டர் சுமார் 1800 மீட்டர், 5.56 சுமார் 3 கிலோமீட்டர், பழைய எஸ்.எல்.ஆர். ராணுவ ரைபிளின் 7.62 ரகம் 4 கிலோமீட்டர் வரை. அவ்வளவு தூரத்தில் எவரையும் குறிவைக்க முடியாது. எவர் மீதும் படாது என்று உறுதி சொல்லவும் முடியாது.

வானத்தை நோக்கிச் சுடுவது தனி வகை. ராணுவத் தளவாட அதிகாரி ஜூலியன் ஹேச்சர், முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்த சோதனைகளைப் பதிவு செய்திருக்கிறார். தண்ணீருக்கு நடுவே மேடை போட்டு நேர்மேலே 500-க்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டார்கள். திரும்பி வந்து மேடையில் விழுந்தவை நான்குதான். ஏறத்தாழ 2700 மீட்டர் உயரம் போக 18 விநாடி, இறங்க 31 விநாடி. விழும்போது வேகம் விநாடிக்கு 90 மீட்டர் அளவில்தான் இருக்கும். மண்டையோட்டுக்கு அது போதும், குறிப்பாகச் சின்னக் குழந்தைக்கு. செங்குத்தாகச் சுடாமல் சாய்வாகச் சுட்டால் நிலைமை இன்னும் மோசம். குண்டு குழலில் பெற்ற சுழற்சியை இழக்காமல், முனை முன்னே இருக்க, கூடுதல் வேகத்தோடு வரும். மனிதர்கள் வானத்தை நோக்கிச் சுடும்போது பெரும்பாலும் சாய்வாகத்தான் சுடுகிறார்கள். 2003 டிசம்பர் 31 இரவு புவேர்ட்டோ ரிக்கோவில் புத்தாண்டைக் கொண்டாடிச் சுட்ட குண்டுகளால் 19 பேர் காயப்பட்டு, ஒருவர் இறந்தார். காவலர் ‘எச்சரிக்கைக்காக வானத்தில் ஒரு ரவுண்டு’ சுடும் காட்சியை அடிக்கடி எழுதுகிறீர்கள். கூட்டத்தின் தலைக்கு மேலே சுடாதே, தூரத்தில் இருக்கும் சம்பந்தமில்லாதவர் சாவார் என்பது சீருடைப் பயிற்சியில் சொல்லித்தரப்படும் பழைய பாடம். அந்தப் பாடத்தை மீறிய காவலர் என்று எழுதினால் கதை கிடைக்கும். அது சாதாரண நடைமுறை என்று எழுதினால் தவறு கிடைக்கும்.

இடையில் ஒன்று. கல்யாண ஊர்வலத்தில் துப்பாக்கியால் சுட்டுக் கொண்டாடுவது உத்தரப் பிரதேசம், பீகார், பஞ்சாப், ஹரியானா பக்கத்துப் பழக்கம். 2016 டிசம்பரில் பஞ்சாபின் பட்டிண்டா மாவட்டத்தில் கல்யாண மேடையில் ஆடிக்கொண்டிருந்த இளம்பெண் அப்படித்தான் குண்டு பாய்ந்து இறந்தார். அதை அப்படியே மதுரை மண்டபத்துக்குக் கொண்டுவராதீர்கள். இங்கே வேட்டு வைப்பார்கள், சரவெடி போடுவார்கள். வேறு விபத்து வேண்டுமானால் அதில் ஏராளம் உண்டு.

தமிழ்நாட்டு மண்ணில் தப்பிய குண்டைத் தேடுபவருக்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, மலை. ஜவ்வாது, கல்வராயன், கொல்லி என்று எந்த மலையடிவாரத்திலும் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைக் காவல்துறை கைப்பற்றும் செய்தி அவ்வப்போது வரும். காட்டுப்பன்றி வேட்டைக்கு நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு போவார்கள். குழல்வாயில் கரிமருந்தும் பால்ரஸ் குண்டுகளும் (பேரிங்கில் இருக்கும் இரும்பு உருண்டைகள்) போட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கி அது. உருண்டைக் குண்டு காற்றில் சீக்கிரம் வேகம் இழந்துவிடும், ஆகவே கிலோமீட்டர் கணக்கில் போய் எவரையும் கொல்லாது. அங்கே நடக்கும் சாவு கிட்டத்தில் நடப்பது. புதர் அசைகிறது, சுடுகிறார்கள், போய்ப் பார்த்தால் சுற்றிக்கொண்டு வந்த கூட்டாளி. அதற்குப் பிறகுதான் கதையே. துப்பாக்கிக்கு உரிமம் இல்லை, வேட்டை சட்டவிரோதம், மருத்துவமனைக்குத் தூக்கிப் போனால் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். அந்த அரைமணி நேரத் தயக்கத்தில் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். எந்த வில்லனும் தேவைப்படாத திரைக்கதை அது. ஏனோ இதை எழுத ஆள் குறைவு.

இன்னொன்று, துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்தின் மறுபக்கம். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சியில் இருந்தபோது, ஒன்றரை இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த வீட்டில் 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் அரசு மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்தவன் 2022 ஜனவரி 3 அன்று இறந்தான். முன்பு சொன்ன தூரக் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது நம்பமுடியாத தூரமே இல்லை. அந்தத் தூரத்தைச் சமாளிக்கத்தான் சுடும் தளத்துக்கு விதிகளே இருக்கின்றன. இலக்குக்குப் பின்னால் குன்றோ உயரமான மண்மேடோ வேண்டும். மேட்டையும் தாண்டிப் போகும் குண்டு விழக்கூடிய பரப்பில் ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. பயிற்சி நாளில் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும், சுற்றுக் காவல் நிறுத்த வேண்டும், ஊருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். கொடுத்த தோட்டாக்களையும் திரும்பி வந்த காலித் தோட்டாக்களையும் எண்ணிக் கணக்கில் ஏற்ற வேண்டும். இப்படி ஒரு தளத்தைக் கதையில் வைத்தால், இந்த வேலைகளில் எது விட்டுப்போனது, எவர் கையெழுத்தில் விட்டுப்போனது என்பதை நீங்கள் முடிவு செய்தாக வேண்டும். மண்மேட்டில் மழை அரித்த பள்ளத்தை இரண்டு வருடமாக எவரும் நிரப்பவில்லை என்று ஒரு வரி போதும், படம் முழுவதும் அது பேசும்.

அடுத்து, நடுவில் இருப்பவை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் கைத்துப்பாக்கிக் குண்டை நிறுத்திவிடும். ரைபிளின் ஒற்றைக் குண்டையும் பெரும்பாலும் நிறுத்தும். ஆஸ்பெஸ்டாஸ், தகரம், கீற்று, பிளைவுட் கதவு எதுவும் நிறுத்தாது. எங்கிருந்தோ வந்த குண்டு என்றால் அது மாடிவீட்டின் காங்கிரீட்டில் சிராய்ப்பாக நின்றுபோகும், தகர வீட்டில் ஆள் சாவார். நீங்கள் ஏனோ பங்களாவின் சாப்பாட்டு மேசைக்கே அதை அனுப்புகிறீர்கள். கார்க் கதவுக்குப் பின்னால் ஒளிவதும் பிழைக்கும் வழியல்ல. கதவுத் தகடு குண்டைத் தடுக்காது. எஞ்சினும் சக்கரத்தின் இரும்பு விளிம்பும்தான் காக்கும். சாய்ந்த முன்கண்ணாடி வழியாக வெளியிலிருந்து உள்ளே வரும் குண்டு கீழ்நோக்கித் திரும்பும், உள்ளிருந்து வெளியே போவது மேல்நோக்கித் திரும்பும். ஓட்டுநரின் நெற்றிக்குக் குறிவைத்தது மார்பில் பாய்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

தெறித்துத் திரும்பும் குண்டைக் கேரம் காய் மாதிரி எழுதாதீர்கள். கேரம் பலகையில் போன கோணத்திலேயே காய் திரும்பும். காங்கிரீட், கருங்கல், இரும்புத் தகடு போன்ற கடினமான பரப்பில் சாய்வாகப் படும் குண்டு, வந்த கோணத்தைவிடத் தாழ்ந்த கோணத்தில், சுவரை ஒட்டியபடி போகும். சந்தில் சண்டை நடக்கும்போது சுவரோடு முதுகை ஒட்டி நிற்பவர் பாதுகாப்பாக இருப்பதாக உங்கள் கதைகள் நினைக்கின்றன. அவர் நிற்பதுதான் மோசமான இடம். மணலிலும் தண்ணீரிலும் இதற்கு நேர்மாறு, வந்ததைவிட உயர்ந்த கோணத்தில் எழும்பும். ஏரிக்கரையில் நீர்ப்பரப்பை ஒட்டிச் சுட்டால் எதிர்க்கரையில் இருப்பவர் மீது பாயலாம். செங்குத்தாகத் தண்ணீருக்குள் சுட்டாலோ, வேகமான ரைபிள் குண்டு ஒரு மீட்டருக்குள் சிதறிப்போகும். தெறித்த குண்டு நசுங்கி, தலைகீழாகப் புரண்டபடி வேகம் இழந்துகொண்டே போகும். இரண்டாவது, மூன்றாவது தெறிப்புக்கெல்லாம் கொல்லும் வலு இருக்காது. குண்டு படும் இடத்தில் எல்லாம் தீப்பொறி பறப்பதும் படப்பிடிப்புக்காரர்கள் வைத்தது. ஈயமும் செம்பும் அப்படிப் பொறி தராது.

தெறிப்பைப் பற்றி எழுத நினைப்பவர் 1981 மார்ச் 30 வாஷிங்டன் சம்பவத்தை ஒருமுறை அங்குலம் அங்குலமாகப் படித்துவிட வேண்டும். ஹோட்டல் வாசலில் ரொனால்ட் ரீகனைக் கொல்ல ஜான் ஹிங்க்லி .22 ரகச் சுழல் துப்பாக்கியால் 1.7 விநாடியில் ஆறு குண்டுகள் சுட்டார். ஒன்றுகூட அதிபர் மீது நேராகப் படவில்லை. முதலாவது பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடியின் தலையில், இரண்டாவது ஒரு காவலர் மீது. மூன்றாவது எல்லோரையும் தாண்டி எதிர்க்கட்டடத்தின் சன்னலுக்குப் போனது. நான்காவது, குறுக்கே உடலை விரித்து நின்ற பாதுகாவலரின் வயிற்றில். ஐந்தாவது திறந்திருந்த கார்க் கதவின் குண்டு துளைக்காத கண்ணாடியில். ஆறாவது காரின் கவசத் தகட்டில் பட்டு நசுங்கி, கதவுக்கும் காருக்கும் இடையிலிருந்த குறுகிய இடைவெளி வழியாகத் தெறித்து, ரீகனின் இடது அக்குளுக்குக் கீழே நுழைந்தது. அதிபரைக் காப்பாற்றக் கட்டிய கவசமே குண்டை அவரிடம் திருப்பிவிட்டது. குண்டு பட்டது அவருக்கே தெரியவில்லை. காருக்குள் தள்ளியதில் விலா உடைந்திருக்கும் என்று நினைத்தார்கள். வாயில் ரத்தம் வந்த பிறகுதான் வண்டி மருத்துவமனைக்குத் திரும்பியது. நசுங்கித் தட்டையான குண்டு என்பதால் காயம் வட்டத் துளையாக இல்லை, சின்னக் கீறல் போல இருந்தது. உடையைக் களைந்து தேடித்தான் கண்டுபிடித்தார்கள். இதைக் கற்பனைக் கதையாகக் கொண்டுவந்திருந்தால் தயாரிப்பாளர் சிரித்திருப்பார். ஆனால் ஒவ்வொரு அங்குலத்துக்கும் காரணம் இருப்பதால் நம்புகிறோம்.

சத்தத்தின் வரிசையும் உங்கள் கதைகளில் தலைகீழாக இருக்கிறது. முதலில் ‘டுமீல்’, அம்மா திரும்பிப் பார்க்கிறார், பிறகு குண்டு. 600 மீட்டர் தூரத்துக்கு ரைபிள் குண்டு ஒரு விநாடி சொச்சத்தில் வந்துவிடும், வெடிச்சத்தம் வர ஒன்றேமுக்கால் விநாடி ஆகும். விழுந்தவர் சத்தத்தைக் கேட்கவே மாட்டார், பக்கத்தில் இருப்பவர்தான் கேட்பார். இரண்டு மூன்று கிலோமீட்டர் வளைந்து வந்து விழும் குண்டு என்றால் கதை வேறு. அங்கே சத்தம் முன்னால் வந்து, எங்கேயோ வெடி போடுகிறார்கள் என்று எல்லோரும் அதை மறந்த பிறகு குண்டு வரும். இந்த இடைவெளியை வைத்து எவ்வளவோ செய்யலாம். காசு கொடுத்து வாங்க முடியாத பதற்றம் அது.

காயத்துக்கு வருவோம். தூரத்திலிருந்து வேகம் குறைந்து வந்த குண்டு பெரும்பாலும் உடம்புக்குள்ளேயே தங்கிவிடும். நுழைந்த இடம் சின்னது, தலைமுடி மறைத்துவிடும். சத்தமும் கேட்கவில்லை, சுட்டவரையும் காணவில்லை. ஆகவே வீட்டார் கல் பட்டது, மேலிருந்து ஏதோ விழுந்தது, பிள்ளைக்கு வலிப்பு வந்தது என்றுதான் மருத்துவரிடம் சொல்வார்கள். ஸ்கேன் எடுத்த பிறகு, வெள்ளையாகத் தெரியும் உலோகத்தைப் பார்த்து அறையே அமைதியாகும். உங்கள் காட்சியின் உச்சம் அந்த ஒளிப்படத்தில் இருக்கிறது, தெருவில் இல்லை. குண்டை எடுத்துக் கிண்ணத்தில் ‘டிங்’ என்று போடும் காட்சியை விட்டுவிடுங்கள். கொல்வது ரத்தப்போக்கும் நோய்த்தொற்றும். குண்டு ஆபத்தில்லாத இடத்தில் இருந்தால் உள்ளேயே விட்டுவிடுவார்கள். 1881 ஜூலை 2 அன்று சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடம்பில் மருத்துவர்கள் கழுவாத விரலை விட்டுக் குண்டைத் தேடித் தேடிச் சீழ் பிடிக்க வைத்தார்கள். செப்டம்பர் 19 வரை துன்பப்பட்டு அவர் இறந்தார். விசித்திரம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு தகவல்: நெஞ்சில் நுழைந்த குண்டு பெருந்தமனிக்குள் விழுந்து ரத்தத்தோடு மிதந்து தொடை நாளத்தில் போய் அடைத்துக்கொண்ட நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் உண்டு. மார்பை எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றும் இருக்காது, வெளியேறிய துளையும் இருக்காது, ஒரு கால் மட்டும் சில்லிட்டுக்கொண்டே போகும்.

பிழைத்தவர்களையும் எழுதுங்கள். 1967 ஜனவரி 12 அன்று கழுத்தில் குண்டு பாய்ந்த எம்.ஜி.ஆரின் குரல் பழையபடி திரும்பவே இல்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். தலையில் குண்டு வாங்கிய பிரேடி சக்கர நாற்காலியில் 33 ஆண்டுகள் வாழ்ந்து 2014 ஆகஸ்ட் 4 அன்று இறந்தார். பிணக்கூறாய்வு அதைக் கொலை என்றே பதிவு செய்தது. ஒரு குண்டு முப்பத்து மூன்று வருடம் கழித்துக் கொல்கிறது. நம் திரைக்கதைகளில் அது எப்போதும் இரண்டு நிமிடத்தில், கடைசி வசனம் பேச வைத்துவிட்டுக் கொன்றுவிடுகிறது.

தப்பிய குண்டைப் பற்றிய பழங்கதைகளும் உங்கள் மேசைக்கு வருகின்றன, அவற்றில் எது பொய் என்று தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு சிப்பாயின் விரையைத் துளைத்த குண்டு பக்கத்து வீட்டுப் பெண்ணின் வயிற்றில் பாய்ந்து அவளைக் கர்ப்பமாக்கியது என்ற கதை, 1874 நவம்பரில் ஒரு மருத்துவ இதழில் வந்த நையாண்டி. போர்க்கள மருத்துவர்களின் சவடால்களைக் கிண்டல் செய்ய எழுதியதை நூறு வருடம் உண்மை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். டெக்சாஸில் ஹென்றி சீக்லண்ட் என்பவரை 1893-ல் தவறவிட்டு மரத்தில் புதைந்த குண்டு, இருபது வருடம் கழித்து அவர் மரத்தை வெடிவைத்துப் பிளந்தபோது பாய்ந்து கொன்றது என்பதற்கும் ஆதாரம் எதுவும் கிடைத்ததில்லை. வெடியில் சிதறும் மரச்சிராய்தான் அங்கே அதிக ஆபத்து. குழலின் சுழற்சி இல்லாத ஈயக் கட்டி நேராகப் பறக்காது.

மூன்றாவது கதை மட்டும் பாடமாக வைக்கத் தகுந்தது. அமெரிக்கத் தடய அறிவியல் கழகத்தின் 1987 கூட்டத்தில் டான் ஹார்ப்பர் மில்ஸ் சொன்ன கற்பனை வழக்கு அது, 1990-களில் உண்மைச் சம்பவமாக இணையத்தில் பரவியது. தற்கொலைக்காகப் பத்துமாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒருவன் குதிக்கிறான். கீழே வலை கட்டியிருக்கிறது, பிழைத்திருப்பான். ஒன்பதாவது மாடியைக் கடக்கும்போது சன்னல் வழியாக வந்த துப்பாக்கிச் சூட்டில் சாகிறான். உள்ளே முதிய தம்பதியின் சண்டை. கிழவர் எப்போதும் வெற்றுத் துப்பாக்கியைக் காட்டித்தான் மனைவியை மிரட்டுவார், அன்று அதில் தோட்டா இருந்தது, குறி தப்பிவிட்டது. போட்டது யார்? செலவுக் காசை நிறுத்திய தாயைத் தந்தை கையாலேயே கொல்ல நினைத்த மகன். அவன்தான் குதித்தவன். கதையில் தற்செயல் குவியலாகக் கிடந்தாலும், துப்பாக்கியில் தோட்டா போட்ட கை ஒன்று இருக்கிறது, அந்தக் கைக்குக் காரணமும் இருக்கிறது. ஒரு தகவலை மாற்றினால் சட்டத்தின் முடிவு எப்படி மாறும் என்று காட்டத்தான் மில்ஸ் அதைக் கட்டினார்.

சட்டத்தில்தான் உங்கள் கதைகள் மிகவும் சறுக்குகின்றன. கூலிக்காரன் கண்ணனைக் குறிவைத்துச் சுடுகிறான், பூக்காரம்மா இறக்கிறார், இன்ஸ்பெக்டர் ‘ஆக்ஸிடென்ட்’ என்று கோப்பை மூடுகிறார். மூட முடியாது. பாரதிய நியாய சம்ஹிதையின் 102-ஆவது பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 301, இதற்காகவே இருக்கிறது: ஒருவரைக் கொல்ல எண்ணிச் செய்த காரியத்தில் வேறொருவர் இறந்தாலும் குற்றத்தின் தன்மை மாறாது. இதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் 1912-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் சொல்கிறார்கள். காப்பீட்டுப் பணத்துக்காக ஒருவருக்கு நஞ்சு கலந்த அல்வா கொடுத்தார் குற்றவாளி. வாங்கியவர் கொஞ்சம் தின்றுவிட்டு ஒதுக்கியதை எடுத்துத் தின்ற சிறுமி இறந்தாள். கொலை என்றே தீர்ப்பானது. அல்வாவுக்குப் பதில் குண்டை வைத்துக்கொள்ளுங்கள். கொல்லும் எண்ணமே இல்லாத அலட்சியம் என்றால் 106-ஆவது பிரிவு, ஐந்து ஆண்டு வரை சிறை. கொண்டாட்டத்தில் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால், எவருக்கும் காயம் இல்லாவிட்டாலும், ஆயுதச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த உட்பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

புலனாய்வும் கணினித் திரையில் ஒரு நிமிடத்தில் முடிவதில்லை. நிலையான இரண்டு பொருள்களில் துளை இருந்தால், சன்னல் கம்பிவலையும் எதிர்ச்சுவரும் என்று வைத்துக்கொள்வோம், கோலோ நூலோ லேசரோ வைத்துக் குண்டு வந்த திசையைப் பின்னோக்கிப் போகலாம். ஒரே துளை என்றால் திசை மட்டும் தோராயமாகக் கிடைக்கும். தூரம் கூடக் கூடப் பாதை வளைந்திருக்கும், நேர்கோடு பொய் சொல்லும். எடுத்த குண்டில் குழலின் உட்புறம் பதித்த வரிப்பள்ளங்களை, சந்தேகத் துப்பாக்கியால் தண்ணீர்த் தொட்டிக்குள் சுட்டெடுத்த குண்டோடு ஒப்பீட்டு நுண்ணோக்கியில் ஒரு மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தெறித்து நசுங்கிய குண்டில் பள்ளமே மிஞ்சாமல் போகலாம். பத்துப் பேர் ஒரே ரகத் துப்பாக்கியால் சுட்ட இடத்தில் கொன்றது எவர் குண்டு என்று கடைசி வரை தெரியாமலே போகலாம். அந்தப் பத்துப் பேரும் இரவில் தூங்குவது எப்படி என்று ஒரு நாவல் எழுதலாமே.

கடைசியாக, உங்கள் கதையைப் படமாக்கும் இடத்திலேயே குண்டு தப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1993 மார்ச் 31 அன்று அமெரிக்காவின் வில்மிங்டனில் நடிகர் பிராண்டன் லீ இறந்தது எப்படி என்று ஒவ்வொரு உதவி இயக்குநருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நெருக்கமாகக் காட்டும் க்ளோசப் காட்சிக்கு டம்மித் தோட்டா தேவைப்பட்டது. நிஜத் தோட்டாவைப் பிரித்து மருந்தைக் கொட்டிவிட்டுக் குண்டைத் திரும்பச் செருகினார்கள். அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரை எடுக்கவில்லை. எப்போதோ விசை இழுக்கப்பட்டு, பிரைமரின் சின்ன வெடிப்பு குண்டைக் குழலுக்குள் தள்ளியது, அது பாதியில் சிக்கிக்கொண்டது. பிறகு அதே துப்பாக்கியில் சத்தத்துக்கான, மருந்து மட்டும் இருந்து குண்டு இல்லாத பிளாங்க் தோட்டா போட்டார்கள். நடுவில் எவரும் குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கவில்லை. பிளாங்கின் முழு மருந்தும் சிக்கியிருந்த குண்டை நிஜச் சூட்டைப் போலவே வெளியே தள்ளியது. 2021 அக்டோபர் 21 அன்று நியூ மெக்சிகோ படப்பிடிப்பில் நிஜத் தோட்டா ஒன்று டம்மிகளோடு கலந்துவிட்டது. ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹச்சின்ஸை ஊடுருவிய அதே குண்டு, இயக்குநர் ஜோயல் சௌசாவின் தோளில் போய்த் தங்கியது.

ஆகவே: நிஜத் தோட்டா தளத்துக்குள் வரவே கூடாது. டம்மி என்றால் பிரைமர் நீக்கப்பட்டோ பக்கவாட்டில் துளையிட்டோ இருக்க வேண்டும், அல்லது உள்ளே போட்ட சிறு உருண்டை குலுக்கினால் சத்தம் தர வேண்டும். அதை நடிகர் முன்னால் ஒவ்வொன்றாகக் குலுக்கிக் காட்ட வேண்டும். ஒவ்வொரு முறை துப்பாக்கி கைமாறும்போதும் குழலைப் பார்க்க வேண்டும். பிளாங்க் சுடும்போது கேமராவை ஆளில்லாமல் வைத்து, குழல் நேருக்கு எவரும் இல்லாதபடி பக்கவாட்டில் குறிபார்க்கச் சொன்னால் போதும், லென்ஸ் மீதியை ஏமாற்றிவிடும். நெருக்கத்தில் பிளாங்கும் கொல்லும். 1984 அக்டோபரில் ஜான்-எரிக் ஹெக்ஸம் என்ற நடிகர் விளையாட்டாக நெற்றிப்பொட்டில் வைத்து விசையை இழுத்தார், குண்டே இல்லாத அந்த வெடிப்பில் மண்டையோடு உடைந்தது. முடிந்தவரை குண்டு போடாத காற்றுத் துப்பாக்கியும் கணினி ஒளியும் போதும் என்பது எங்கள் கருத்து. ரசிகருக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

எங்களைப் போன்றவர்களிடம் காட்சியைச் சரிபார்க்கக் கொடுக்கும்போது வசனப் பிரதி வேண்டாம். ஒரு தரைப்படம் போதும். சுட்டவர் நின்ற இடம், குழல்முனையின் உயரம், துப்பாக்கி ரகம், இடையில் இருக்கும் ஒவ்வொரு சுவரும் கூரையும் எதனால் ஆனது, இறந்தவர் நின்றாரா உட்கார்ந்தாரா, முகம் எந்தப் பக்கம், தோட்டாவைப் போட்டது யார், குழலை மேலே தூக்கியது எது. அளவு மீட்டரிலோ அடியிலோ, ஏதாவது ஒன்றில் மட்டும் இருக்கட்டும். வடக்கு எந்தப் பக்கம் என்று ஓரத்தில் ஒரு அம்புக்குறியும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
துப்பாக்கியோடும் அதன் காயங்களோடும் வேலை பார்க்கும், உங்கள் கதைகளை விடாமல் பார்க்கும் சிலர்